மோட்டார் சைக்கிளின் மின்னேற்ற அமைப்பும் கம்பி இணைப்பும்: தங்கவயல் தரும் பாடம்

வளர்ச்சி பற்றிய விவாதங்களில் புதிய உற்பத்திக்குக் கிடைக்கும் இடம், ஏற்கெனவே உற்பத்தி செய்யப்பட்ட பொருள்களின் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. ஒரு குடும்பம் பல மாத ஊதியத்தைச் சேர்த்தோ, கடன் பெற்றோ வாங்கும் மோட்டார் சைக்கிள் அக்குடும்பத்தின் முக்கிய முதலீடுகளுள் ஒன்றாகும். அது எத்தனை ஆண்டுகள் தடையின்றி உழைக்கிறது என்பதைப் பொறுத்தே அம்முதலீட்டின் பயன் அமைகிறது. இவ்வாறு உழைப்பதற்குத் தேவையான அறிவின் ஒரு சிறு பகுதியை, அதாவது பாட்டரிக்கு மின்னேற்றம் செய்யும் அமைப்பையும் அதன் கம்பி இணைப்புகளையும் வீட்டிலேயே சோதித்துச் சீர்செய்யும் முறையை, இக்கட்டுரை விளக்குகிறது. அதற்கு எடுத்துக்காட்டாகக் கோலார் தங்கவயல் கொள்ளப்படுகிறது. மின்சார வரலாற்றில் அந்நகருக்குத் தனி இடம் உண்டு என்பதும், இன்று அங்கு வாழும் உழைப்பாளர்களுக்கு இருசக்கர வாகனம் எவ்வளவு இன்றியமையாதது என்பதும் இத்தேர்வுக்குக் காரணங்களாகும்.

தங்கவயலும் மின்சாரமும்

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கோலார் தங்கவயலில் சுரங்கப் பணியை ஏற்றனர். தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பெருமளவில் அங்குக் குடியேறின. சுரங்கங்கள் ஆழமாக ஆக, நீரை இறைக்கவும், பாறையைப் பொடிக்கவும், ஆட்களையும் தாதுவையும் மேலேற்றவும் தேவைப்பட்ட சக்தி பெருகியது. நீராவி இயந்திரங்களுக்கு வேண்டிய எரிபொருளோ தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது.

இந்நிலையில்தான் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின்சாரம் உற்பத்தி செய்து தங்கவயலுக்குக் கொண்டுவரும் திட்டத்தை மைசூர் அரசு மேற்கொண்டது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் உருவான இத்திட்டம், அவர் மறைந்த மறு ஆண்டில், 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதம் செயற்படத் தொடங்கியது. இடைத்தொலைவு ஏறத்தாழ 148 கிலோமீட்டர், அதாவது 92 மைல். அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் இதுவும் ஒன்று. பெங்களூர் நகருக்கு மின்விளக்கு வந்ததே 1905-இல்தான் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

இவ்வளவு தொலைவுக்கு மின்சாரத்தைக் கொண்டு சென்றபோது பொறியாளர்கள் எதிர்கொண்ட முதன்மையான சிக்கல் கம்பியில் ஏற்படும் இழப்பாகும். எவ்வளவு நல்ல செப்புக் கம்பியாயினும் அதற்குச் சிறிதளவு மின்தடை உண்டு. மின்னோட்டம் அத்தடையைக் கடக்கும்போது மின்னழுத்தத்தில் ஒரு பகுதி குறைகிறது. அப்பகுதி வெப்பமாக வீணாகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்ப இழப்பு நான்கு மடங்காகும். ஒரு கிலோவாட் சக்தியை 100 வோல்ட் அழுத்தத்தில் அனுப்ப 10 ஆம்பியர் தேவை. 1,000 வோல்ட் அழுத்தத்தில் ஒரே ஒரு ஆம்பியர் போதும். ஒரே கம்பியில் முதலாவது முறையில் ஏற்படும் இழப்பு இரண்டாவதைப்போல் நூறு மடங்கு. எனவேதான் சிவசமுத்திரத்திலிருந்து பல பத்தாயிரம் வோல்ட் அளவில் உயர் அழுத்தம் கையாளப்பட்டது.

மின்பாதையில் இழப்பைக் குறைக்கும் வழிகள் நான்கு எனத் தொகுக்கலாம்: அழுத்தத்தை உயர்த்துதல், கம்பியைத் தடிப்பாக்குதல், பாதையைச் சுருக்குதல், இணைப்புகளைத் தூய்மையாகவும் இறுக்கமாகவும் வைத்தல். 148 கிலோமீட்டர் பாதைக்குப் பொருந்திய இவ்விதி, மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியில் ஓடும் ஒன்றரை மீட்டர் ஒயருக்கும் அப்படியே பொருந்தும்.

6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு

நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய ஜாவா, எஸ்டி, புல்லட், ராஜ்தூத் முதலிய வண்டிகளில் பல 6 வோல்ட் அமைப்பைக் கொண்டிருந்தன. இவற்றுள் ஜாவாவும் எஸ்டியும் 1961-இலிருந்து 1996 வரை மைசூரிலேயே உற்பத்தி செய்யப்பட்டவை. அவ்வண்டிகளின் ஹெட்லைட் மங்கலாக எரிந்தது என்று பலரும் குறைகூறுவதுண்டு. அதற்கான காரணங்களுள் ஒன்றைக் கணக்கிட்டே காட்டலாம்.

36 வாட் பல்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6 வோல்ட்டில் அது 6 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் சேர்த்து 0.1 ஓம் தடை இருந்தால், குறையும் அழுத்தம் 0.6 வோல்ட், அதாவது பத்தில் ஒரு பங்கு. 12 வோல்ட்டில் அதே 36 வாட் பல்புக்கு 3 ஆம்பியர் போதும். அதே கம்பியில் குறைவது 0.3 வோல்ட், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. வீணாகும் சக்தி முதலாவதில் 3.6 வாட், இரண்டாவதில் 0.9 வாட். பிற்கால வண்டிகள் அனைத்தும் 12 வோல்ட்டுக்கு மாறியதன் பொருள் இதனால் விளங்கும். தங்கவயல் மின்பாதையில் கையாளப்பட்ட உத்தியின் சிறு வடிவமே இம்மாற்றம்.

ஆயினும் 12 வோல்ட் என்பதும் தாழ்ந்த அழுத்தமே. வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் யாரும் உணர்வதில்லை. 12 வோல்ட் பாட்டரியின் மின்னேற்றத்தில் ஒரு வோல்ட் குறைந்தாலோ, பாட்டரி நிரம்புவதும் நிரம்பாமல் போவதும் அதைப் பொறுத்தே அமையும்.

மின்னேற்றம் நடைபெறும் விதம்

என்ஜின் சுழலும்போது அதனுடன் இணைந்த காந்தச் சக்கரம், நிலையாகப் பொருத்தப்பட்ட செப்புச் சுருள்களைச் சுற்றி ஓடுகிறது. மெக்கானிக்குகள் இச்சுருளைக் காயில் என்பர். இதில் தோன்றுவது மாறுதிசை மின்னோட்டம். பாட்டரி ஏற்பதோ நேர்த்திசை மின்னோட்டம். எனவே இடையில் ரெக்டிஃபையர் என்னும் சாதனம் திசையைச் சீராக்குகிறது. என்ஜினின் வேகம் கூடும்போது அழுத்தமும் கூடுவதால், ரெகுலேட்டர் அதைக் குறிப்பிட்ட அளவுக்கு மேற்செல்லாமல் தடுக்கிறது. இவ்விரண்டும் இன்று பெரும்பாலும் ஒரே பெட்டியில் அடங்கியுள்ளன. அப்பெட்டியிலிருந்து பாட்டரியின் நேர்முனைக்கு ஒரு ஒயரும், எர்த் வழியாக எதிர்முனைக்கு ஒரு பாதையும் செல்கின்றன.

12 வோல்ட் ஈய அமிலப் பாட்டரி முழுமையாக நிரம்பி ஓய்வில் இருக்கும்போது ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் என்பது பாதியளவைக் குறிக்கும். அதை நிரப்புவதற்கு அதன் முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரை கிடைக்க வேண்டும். இவ்வளவு கிடைக்காமல் நாள்தோறும் அரைகுறையாகவே இருக்கும் பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகுகிறது. இறுகிய பகுதி மீண்டும் மின்சாரத்தை ஏற்பதில்லை. இவ்வாறு, மூன்று நான்கு ஆண்டுகள் உழைக்கவேண்டிய பாட்டரி ஓரிரு ஆண்டுகளிலேயே பயனற்றுப் போக நேரிடுகிறது.

ரெகுலேட்டர் தன் வாயிலில் 14.4 வோல்ட் தருகிறது எனக் கொள்வோம். அதிலிருந்து பாட்டரிக்குப் போகவும் வரவும் மொத்தம் 3 மீட்டர் பாதை. ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.0175 ஓம். ஒயரின் குறுக்குப் பரப்பு 0.75 சதுர மில்லிமீட்டராயின், 3 மீட்டருக்கு 0.07 ஓம். களிம்பேறிய இரு இணைப்புகள் தலைக்கு 0.02 ஓம் சேர்த்தால் மொத்தம் 0.11 ஓம். 10 ஆம்பியர் ஓடும்போது குறைவது 1.1 வோல்ட். பாட்டரிக்குக் கிடைப்பது 13.3 வோல்ட் மட்டுமே. 11 வாட் சக்தி வழியிலேயே வெப்பமாகிவிடுகிறது.

அதே இடத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை இட்டு, இணைப்புகளைத் தூய்மைப்படுத்தி அவற்றின் மொத்தத் தடையை 0.005 ஓம் அளவுக்குக் குறைத்தால், ஏற்படும் குறைவு 0.26 வோல்ட்தான். பாட்டரிக்கு 14.1 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும். காயிலும் மாறவில்லை, ரெகுலேட்டரும் மாறவில்லை, பாட்டரியும் மாறவில்லை; பாதை மட்டுமே சீர்பெற்றது.

குறுகிய பயணமும் நிரம்பாத பாட்டரியும்

பாட்டரி நிரம்ப நிரம்ப அது ஏற்கும் மின்னோட்டம் குறையும். கம்பியில் ஏற்படும் அழுத்தக் குறைவும் அதற்கேற்பத் தணியும். ஆகவே நாள் முழுதும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியில், இணைப்புக் குறைபாடு ஓரளவு மறைந்திருக்கக்கூடும். குறுகிய தொலைவு மட்டும் ஓடும் வண்டியில்தான் அது பெருந்தீங்காக வெளிப்படுகிறது.

தங்கவயலின் இன்றைய வாழ்க்கை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் ஏற்ற சுரங்கங்கள், 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் கீழ் இயங்கி, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் சுரங்கக் குடியிருப்புகளின் இளைஞர்களும் பெண்களும் வேலைக்காகப் பெங்களூரை நாடலாயினர். மாரிகுப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகச் செல்லும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்று திரும்புகின்றனர். விடியுமுன் வீட்டிலிருந்து நிலையத்துக்குச் செல்லும் சில கிலோமீட்டர் தொலைவுக்கே மோட்டார் சைக்கிள் பயன்படுகிறது.

இப்பயணத்தில் விளக்கு எரிகிறது, வேகம் குறைவு, காயிலின் உற்பத்தியும் குறைவு. வண்டியைக் கிளப்புகையில் செல்ஃப் மோட்டார் எடுத்த மின்சாரம் திரும்புமுன்னரே நிலையம் வந்துவிடுகிறது. மேலும், 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த புதிய இருசக்கர வாகனங்களில் பகலிலும் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்குமாறு விதி உள்ளது. இத்தகைய நிலையில் ஒயரில் ஒரு வோல்ட்டை இழப்பது பொறுக்கக்கூடியதன்று. ஒரு நாள் காலையில் வண்டி கிளம்பாவிடில் ரயில் தவறும். ரயில் தவறினால் அன்றைய கூலி தவறும். பல வண்டிகளில் இன்று கிக்கர் இல்லை என்பதும் கவனிக்கற்பாலது.

சோதிக்கும் முறை

புதிய பாட்டரி வாங்குமுன் மின்னேற்ற அமைப்பைச் சோதிப்பது சிக்கனத்தின் முதற்படியாகும். இதற்குத் தேவையானது ஒரு சாதாரண மல்டிமீட்டர். பின்வரும் வரிசையைப் பின்பற்றுதல் நலம்.

முதலாவதாக, வண்டி சில மணி நேரம் ஓய்வில் இருந்தபின் பாட்டரியின் இரு முனைகளுக்கிடையே அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, என்ஜினை ஓட்டி, நடுத்தர வேகத்தில் அதே முனைகளில் மீண்டும் அளக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் மின்னேற்றம் சரியாக உள்ளது. ஓய்வில் இருந்த அளவைவிட உயரவேயில்லை எனில் மின்னேற்றம் நடைபெறவில்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. இந்நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டுவது பாட்டரிக்குக் கேடு.

மூன்றாவதாக, பாதையின் இழப்பை நேரடியாக அளக்க வேண்டும். பலரும் அறியாத சோதனை இதுவே. என்ஜின் ஓடி, ஹெட்லைட் எரியும்போது, மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் நேர்முனை வாயிலிலும், மற்றொன்றைப் பாட்டரியின் நேர்முனையிலும் வைக்க வேண்டும். மீட்டர் காட்டும் எண்ணே அப்பாதையில் தொலையும் வோல்ட். அதேபோல் ரெகுலேட்டரின் எர்த் ஒயருக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையிலும் அளக்க வேண்டும். இரண்டில் எதுவாயினும் 0.2 அல்லது 0.3 வோல்ட்டைத் தாண்டினால் அப்பாதையில் சீர்செய்ய இடமுண்டு. எந்த இணைப்பில் இழப்பு மிகுதி என்பதைப் பாதையைப் பகுதி பகுதியாக அளந்து கண்டுபிடிக்கலாம்.

நான்காவதாக, பாதை நன்றாக இருந்தும் அழுத்தம் உயரவில்லை எனில் காயிலைச் சோதிக்க வேண்டும். மூன்று ஒயர்கள் கொண்ட காயிலில், இணைப்பைக் கழற்றி, இரண்டிரண்டாக மாறுதிசை அழுத்தத்தை அளந்தால் மூன்று அளவுகளும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். அவ்வகைக் காயிலின் ஒயர் எதுவும் என்ஜினின் உடலோடு தொடர்பு கொண்டிருக்கக் கூடாது. கருகிய காயிலை எவ்வளவு தடித்த ஒயரும் சீர்செய்யாது என்பதை மறக்கலாகாது.

சீர்செய்யும் முறை

பெரும்பாலான நேரங்களில் செலவில்லாத திருத்தமே போதுமானது. பாட்டரி முனைகளில் படிந்த வெண்ணிறத் தூளைச் சோடா உப்பு கரைத்த நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, மேலே சிறிது பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். எர்த் ஒயர் வண்டிச் சட்டத்தோடு சேரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, பளிச்சிடும் உலோகத்தோடு இணைக்க வேண்டும். பழுப்பேறிய அல்லது உருகிய பிளாஸ்டிக் இணைப்பான் அதிகத் தடையின் அடையாளம். அதை மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் இழப்பு நீடித்தால், ரெகுலேட்டரின் வாயிலிலிருந்து பாட்டரியின் நேர்முனைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றை நேராக இடலாம். அதேபோல் ரெகுலேட்டரின் எர்த்திலிருந்து எதிர்முனைக்கும் ஒன்று இடலாம். ஒயரின் முனையில் தகுந்த லக்கைப் பொருத்தி, அதற்குரிய கருவியால் அழுத்தி இறுக்க வேண்டும். வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது, அதிர்வும் மழைநீரும் சேர்ந்து சில மாதங்களில் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். கைப்பிடி திரும்பும்போது ஒயர் இழுபடாமலும், சைலன்சரைத் தொடாமலும் இருப்பது அவசியம்.

நேர்முனை ஒயரில், பாட்டரிக்கு மிக அருகில், ஃப்யூஸ் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பது ஒயரைத்தான். அடிக்கடி எரிந்துபோகிறது என்பதற்காகப் பெரிய ஃப்யூஸை இடுவதோ, செப்புக் கம்பியைச் சுற்றிவிடுவதோ தீவிபத்தை வரவழைப்பதாகும். 10 ஆம்பியர் அளவு மின்னேற்றமுள்ள வண்டிக்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ் பொதுவாகப் போதும். உற்பத்தியாளர் குறித்த அளவே இறுதியானது.

ஹெட்லைட்டுக்கும் இதே விதி பொருந்தும். பாட்டரியால் எரியும் ஹெட்லைட்டின் மின்னோட்டம் பல வண்டிகளில் சாவி சுவிட்ச், கைப்பிடி சுவிட்ச் எனச் சுற்றி வளைத்துச் செல்கிறது. இடையில் ஒரு ரிலேயைப் பொருத்தினால், சுவிட்சின் வழியே மிகச் சிறிய மின்னோட்டமே செல்லும். பெரிய மின்னோட்டம் பாட்டரியிலிருந்து குறுகிய, தடித்த பாதையில் பல்பை அடையும். சுவிட்சின் ஆயுளும் நீளும், வெளிச்சமும் கூடும்.

ரெகுலேட்டர் பெட்டியின் உலோக விளிம்புகள் மிகுதி மின்சாரத்தின் வெப்பத்தைக் காற்றில் விடுவதற்காக அமைந்தவை. அவற்றின்மேல் சேற்றைப் படியவிடுவதும், அழகுக்காகப் பெட்டியை மூடிய இடத்துக்கு மாற்றுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

எச்சரிக்கைகள்

வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். முடித்தபின் அதையே கடைசியில் மாட்ட வேண்டும். மின்னேற்றத்தின்போது பாட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும் என்பதால் அருகில் தீக்குச்சி, பீடி, சிகரெட் கூடாது. அமிலம் தோலில் பட்டால் உடனே நிறைய நீரால் கழுவ வேண்டும். என்ஜின் ஓடும்போது பாட்டரியைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம், அழுத்தத்தைத் திடீரென உயர்த்தி, எலக்ட்ரானிக் கருவிகளை அழித்துவிடும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில் கம்பி இணைப்பை மாற்றாமல், அளவுகளைக் குறித்துக்கொண்டு பணிமனைக்குக் கொண்டுசெல்வதே முறை. அளவுகளோடு செல்பவரிடம் தேவையற்ற உதிரிப்பாகத்தை விற்பது எளிதன்று.

பொருளாதார நோக்கில்

ஒரு பாட்டரி உரிய காலத்துக்கு முன்பே கழிக்கப்படுவதால் ஏற்படும் நட்டம் அதன் விலையோடு முடிவதில்லை. பாட்டரியின் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு ஈயம். பழைய பாட்டரிகளை முறையற்ற இடங்களில் உடைத்து உருக்குவதால் ஈயம் காற்றிலும் மண்ணிலும் கலந்து, குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. இதைத் தடுக்கவே 2001-இல் பாட்டரி விதிகள் வகுக்கப்பட்டன. 2022-இல் அவற்றினிடத்தில் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. பழைய பாட்டரியை விற்பனையாளரிடமே ஒப்படைப்பது நுகர்வோரின் கடமையாகும். அதற்கும் முன்னதாக, பாட்டரியை அதன் முழு ஆயுளுக்கும் உழைக்கச் செய்வது அதனினும் சிறந்த பாதுகாப்பு.

சில மீட்டர் ஒயர், நான்கைந்து லக்குகள், ஒரு ஃப்யூஸ் ஹோல்டர் ஆகியவற்றின் மொத்த விலை ஒரு புதிய பாட்டரியின் விலையில் சிறு பகுதியே. மல்டிமீட்டரைத் தெருவுக்கு ஒன்றாகப் பலரும் பகிர்ந்துகொள்ளலாம். இங்குப் பற்றாக்குறையாக இருப்பது பணம் அன்று. அளந்து பார்க்கும் பழக்கமே. தொழிற்பயிற்சி நிலையங்களிலும், உயர்நிலைப் பள்ளிகளின் அறிவியல் வகுப்புகளிலும் ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதுவதோடு நில்லாமல், பள்ளி வாயிலில் நிற்கும் ஒரு மோட்டார் சைக்கிளில் அதை அளந்து காட்டினால் மாணவர்கள் அதை மறக்கமாட்டார்கள். ஊரக, நகர்ப்புறத் திறன் பயிற்சிகளை வகுக்கும் அதிகாரிகளும் இதனைக் கருத்தில் கொள்ளலாம். அரை நாள் பயிற்சியில் கற்பிக்கக்கூடிய இத்திறன், கற்றவருக்குச் சிக்கனத்தையும், சிலருக்கு ஒரு சிறு தொழிலையும் தரவல்லது.

தங்கவயலில் இத்தகைய பயிற்சிக்கு வேண்டிய அடித்தளம் ஏற்கெனவே உள்ளது. சுரங்கங்களில் எலக்ட்ரீஷியன்களாகவும் ஃபிட்டர்களாகவும் பணியாற்றியோரின் குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. பி.இ.எம்.எல். எனப்படும் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தொழிற்கூடமும் அங்கு உண்டு. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பம்புகளையும் விளக்குகளையும் தடையின்றி இயங்கச் செய்த கைத்திறன், சுரங்க வாயில்கள் மூடப்பட்டதோடு மறைந்துவிட வேண்டியதில்லை. அத்திறனை அடுத்த தலைமுறைக்கு மாற்றித் தருவதற்கு, வீட்டுக்கு வீடு நிற்கும் மோட்டார் சைக்கிளே போதிய கருவியாகும். மின்சாரம் எங்கே பிறக்கிறது என்பதோடு, வழியில் அது எங்கே குறைகிறது என்பதையும் அறிந்த சமுதாயமே தன் சிறு முதலீடுகளின் முழுப் பயனையும் பெறும்.